மதுரைத் தெருக்களில் தீயணைப்பு: பணிக்குப் புதிதாக வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பயிற்சி முடித்து மதுரைப் பக்கத்து நிலையங்களுக்கு வரும் தம்பிகள் தேநீர் நேரத்தில் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நான் ஓய்வு பெற்ற பிறகும் தொலைபேசியில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். பயிற்சியில் படித்ததைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. அது இந்த ஊரில் எங்கே பொருந்தும், எங்கே இடறும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அழைப்பு வந்ததும் முதலில் என்ன கேட்க வேண்டும்?

திசையைக் கேளுங்கள். 101-க்கோ 112-க்கோ பதறிப்போய் அழைப்பவர் "ஆவணி மூல வீதியில் தீ" என்று சொல்லிவிட்டுத் துண்டித்துவிடுவார். மதுரையில் ஆவணி மூல வீதி நான்கு இருக்கின்றன: கீழ, மேல, தெற்கு, வடக்கு. சித்திரை வீதி, மாசி வீதி, வெளி வீதி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அடுக்கிய ஊர் இது. கீழ மாசி வீதிக்குப் பதிலாக மேல மாசி வீதிக்குப் போய்விட்டால், கடைநேரக் கூட்டத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் அங்கே தீ மாடிக்கு ஏறியிருக்கும்.

அடுத்துக் கேட்க வேண்டியது, பக்கத்தில் எந்தக் கோயில், எந்தச் சத்திரம், எந்தப் பெரிய கடை என்பது. கதவு எண்ணைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பழைய எண், புதிய எண் என்று இரண்டு பலகை தொங்கும் தெருவில் அங்கே குடியிருப்பவருக்கே எண் தெரியாது.

வண்டி நுழையாத சந்தில் என்ன செய்வது?

நுழையப் பார்க்காதீர்கள். புதிய ஓட்டுநர்கள் செய்யும் முதல் தவறு, "இன்னும் கொஞ்சம் போகலாம்" என்று சந்துக்குள் வண்டியைச் செருகுவது. பத்தடி போனதும் கடையின் தகரக் கூரை ஒருபுறம் இடிக்கும், தாழ்ந்த மின்கம்பி மறுபுறம் உரசும். பின்னால் வந்த இரண்டாவது வண்டி வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை.

1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்ததால்தான் வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் அகலமாகக் கிடைத்தன. அவர் நினைவாக நட்ட தூண்தான் விளக்குத்தூண். உள்ளே இருக்கும் சந்துகள் அவருக்கு முந்தியவை, மாட்டு வண்டிக்கு அளந்தவை. ஆகையால் வண்டியை அகலமான வீதியில் நிறுத்திவிட்டு ஹோஸை நீட்டிக்கொண்டு போவதுதான் வழி. 30 மீட்டர் ஹோஸ் ஏழு சேர்த்தால் 200 மீட்டர் கிடைக்கும். ஒன்று கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வளைவுகள் விழுங்கும் நீளம் கொஞ்சநஞ்சமல்ல. முதல் மாடிக்கு ஏற வேண்டுமானால் இன்னொன்று.

சந்தில் விரித்த ஹோஸின் மேல் இரு சக்கர வாகனம் ஏறினால், நாசில் என்கிற முனைக்குழாயைப் பிடித்திருப்பவருக்கு ஒரு கணம் தண்ணீர் நின்று, பிறகு குபுக்கென்று வரும். அந்தக் குபுக்கில் ஆளே சாய்ந்துவிடுவார். சந்து முனையில் ஒருவரை நிறுத்தி வையுங்கள். ஆள் பற்றாக்குறை என்றால் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அந்த வேலையை நம்மைவிட அவர் அதிகாரமாகச் செய்வார்.

தொட்டியில் உள்ள 4,500 லிட்டர் எவ்வளவு நேரத்துக்கு வரும்?

நாசிலைப் பொறுத்தது. மனக்கணக்காகப் போடத் தெரிந்திருக்க வேண்டும். நாசில் வாயின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதாலேயே பெருக்குங்கள். அதை, பார் அலகில் எடுத்த அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 20 மி.மீ. வாய், 7 பார் அழுத்தம் என்றால் சுமார் 700 லிட்டர். அப்படியானால் முழுத் தொட்டியும் ஆறரை நிமிடத்தில் காலி. அதே அழுத்தத்தில் 12 மி.மீ. வாய் என்றால் நிமிடத்துக்கு 250 லிட்டர், பதினெட்டு நிமிடம் ஓடும்.

இதைத் தெரிந்துகொள்ளாத ஆள் எப்போதும் பெரிய நாசிலைத்தான் கேட்பார். பெரிய நாசில் சத்தமாக அடிக்கும், கூட்டம் கைதட்டும். ஆறாவது நிமிடத்தில் ஹோஸ் துவண்டு தரையில் கிடக்கும்போது அதே கூட்டம் நம்மைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். 20 மி.மீ. நாசில் 7 பாரில் பின்னோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 45 கிலோ எடைக்குச் சமம். ஒற்றை ஆளாகப் பிடித்துக்கொண்டு ஏணியில் நிற்பது வீரமில்லை, மடத்தனம்.

மாடியில் இருந்து அடிக்கும்போது ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் 1 பார் குறையும். பம்ப் அருகே நிற்பவருக்கு இது நினைவிருக்க வேண்டும். மேலே இருப்பவர் கத்துவது கீழே கேட்காது.

தண்ணீர் தீர்ந்தால்?

வைகையை நம்பாதீர்கள். ஆண்டின் பெரும்பகுதி அது மணல்தான். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் கிழக்குப் பக்கத்துக்கு அது பெரிய துணை. மற்றபடி மாநகராட்சி மேல்நிலைத் தொட்டி, தனியார் தண்ணீர் லாரி, திருமண மண்டபத்துத் தரைத்தொட்டி. எந்தத் தெருவில் எந்தத் தொட்டி இருக்கிறது என்று பணி இல்லாத நாளில் நடந்து பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிராமத்தில் கிணறு இருக்கிறதே என்பார்கள். உறிஞ்சு குழாயால் நடைமுறையில் ஏழு மீட்டர் ஆழத்துக்கு மேல் எடுக்க முடியாது. தண்ணீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தம்தான், பம்பின் பலம் இல்லை. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிணறுகளில் கோடைக்காலத்தில் தண்ணீர் எங்கே கிடக்கிறது என்று எட்டிப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். அங்கே விவசாயியின் மின்மோட்டாரை ஓடவிட்டு நம் தொட்டியை நிரப்பிக்கொள்வதுதான் வழி.

ஜவுளிக்கடைத் தீ என்றால் மூத்தவர்கள் ஏன் முகம் மாறுகிறார்கள்?

2020-ஆம் ஆண்டு தீபாவளி நாளான நவம்பர் 14-ஆம் தேதி அதிகாலையில் விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை எரிந்தது. அணைத்துக்கொண்டிருந்தபோது பழைய கட்டடம் இடிந்து விழுந்து தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். ஊர் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்த நேரம். இன்றும் தீபாவளிப் பணிக்கு வண்டியை எடுக்கும்போது அதை நினைக்காதவர் எங்களில் கிடையாது.

அந்த இடிபாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பொதுவாகச் சொல்கிறேன். பழைய மதுரையில் கடையாக மாறிய வீடுகள் பலவும் மெட்ராஸ் டெரஸ் வகை. தேக்கு உத்தரம், அதன் மேல் கட்டைகள், கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய தளம். உத்தரத்தின் நடுப்பகுதி கரியாகிக்கொண்டிருந்தாலும் பார்த்தால் தெரியும். சுவருக்குள் செருகியிருக்கும் நுனி கருகினால் தெரியாது. நுனி போனால் தளம் முழுவதும் ஒரே மூச்சில் இறங்கும், சுவரையும் இழுத்துக்கொண்டு.

அடுத்தது, பலர் மறந்துவிடுவது. நாம் அடிக்கும் தண்ணீர் எங்கே போகிறது? சிமென்ட் தளத்தில் என்றால் படி வழியாக இறங்கி ஓடும். துணிக்கட்டு அதைக் குடித்துவிடும். நிமிடத்துக்கு 700 லிட்டர் என்றால் 700 கிலோ. பத்து நிமிடத்தில் ஏழு டன். கோயில் யானை இரண்டை மாடியில் ஏற்றி நிறுத்திய கணக்கு. ஏற்கெனவே நுனி கருகிய உத்தரத்தின் மேல் நாமே யானை ஏற்றுகிறோம்.

ஆகையால் எரிவது துணி மட்டுந்தானா, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பதை முதலில் கேளுங்கள். ஆள் இல்லை என்று உறுதியானால் வெளியிலிருந்து அடித்துப் பக்கத்துக் கடைகளைக் காப்பாற்றுங்கள். முதலாளி அழுவார், கையைப் பிடித்து இழுப்பார், "உள்ளே கல்லாப் பெட்டி இருக்கிறது சார்" என்பார். ஆறுதல் சொல்லுங்கள், உள்ளே மட்டும் போகாதீர்கள்.

கட்டடம் இடியப் போகிறது என்பதை எப்படி அறிவது?

சுண்ணாம்பு உதிரும். முதலில் பொடியாக, பிறகு வில்லை வில்லையாக. சற்று முன் எளிதாகத் திறந்த கதவு இறுகிக்கொள்ளும். சுவரின் செங்கல் இடுக்கில் புகையோ தண்ணீரோ கசியும். உத்தரம் முனகும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும், எழுத்தில் சொல்ல இயலாது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விசில் அடித்து எல்லாரையும் வெளியேற்றுங்கள். ஹோஸைச் சுருட்ட வேண்டாம், போட்டுவிட்டு வாருங்கள்.

எவ்வளவு தூரம் விலக வேண்டும்? சுவரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு என்பது விதி. ஒன்பது மீட்டர் சுவர் என்றால் பதின்மூன்றரை மீட்டர். பத்தடிச் சந்தில் அதற்கு எங்கே போவது? எதிர்வீட்டுச் சுவரில் முதுகு இடிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் சுவரின் நடுவுக்கு நேரே நிற்காமல் கட்டடத்தின் மூலைப்பக்கம் நில்லுங்கள். இரண்டு சுவர்கள் ஒன்றையொன்று தாங்கும் மூலைதான் கடைசியில் விழும். அல்லது எதிர்வரிசையில் நான்கு வீடு தள்ளி ஒரு மாடிக்கு ஏறிச் சாய்வாக அடியுங்கள்.

கல் மண்டபம் எரியாதே, அதில் என்ன ஆபத்து?

கல் எரியாது, வெடிக்கும். 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு மீனாட்சி அம்மன் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்தபோது தூண்கள் வெடித்துக் கூரையின் பலகைக் கற்கள் சரிந்தன. கருங்கல்லுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் உருமாறித் திடீரென்று விரியும். கல் செதில் செதிலாகத் தெறிக்கும். சிமென்ட் கூரைக்குள் கம்பி இருப்பதால் அது வளைந்து தொங்கி நமக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கும். இரண்டு தூண்களின் மேல் வெறுமனே கிடக்கும் கற்பலகைக்கு வளையத் தெரியாது. விரிசல் விட்டால் விழுவதுதான்.

சூடேறிய தூணில் நேரடியாகக் கம்பிபோலத் தண்ணீரைப் பாய்ச்சினால் வெளிப்புறம் சட்டென்று சுருங்கி விரிசல் பெரிதாகும். எரியும் பொருளின் மேல் அடியுங்கள். தூணுக்குத் தூவலாக, தூரத்திலிருந்து போதும்.

ஷட்டர் பூட்டிய குடோனில் புகை மட்டும் வருகிறது. திறக்கலாமா?

பொறுங்கள். தீப்பிழம்பே தெரியாமல் ஷட்டரின் இடுக்கு வழியாகப் புகை வெளியே வருவதும் உள்ளே இழுபடுவதுமாக மூச்சுவிடுவது போல இருந்தால், உள்ளே தீ காற்றுக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறது. ஷட்டரைத் தூக்கினால் காற்று பாயும், தீக்கோளம் உங்கள் முகத்துக்கு வரும். முதலில் மேலே, கூரைப்பக்கம் ஒரு வழி திறந்து சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு ஷட்டரில் நாசில் நுழையும் அளவுக்குத் துளையிட்டுத் தூவல் அடியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,700 லிட்டர். அந்த ஆவியே பாதித் தீயை அமுக்கும். ஷட்டருக்கு நேரே யாரும் நிற்க வேண்டாம், வேடிக்கை பார்ப்பவர்களையும் சேர்த்துத்தான்.

மூச்சுக்கருவி 45 நிமிடம் வரும் என்கிறார்களே?

உட்கார்ந்திருந்தால் வரும். ஆறு லிட்டர் சிலிண்டரில் 300 பாரில் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்குப் போட்டால் 45. மூன்று மாடி ஏறி மூட்டையைப் புரட்டும் ஆள் அதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இழுப்பார். மதுரைச் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். உள்ளே போக மூன்றில் ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, விபரீதத்துக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று குறைந்து கருவியின் விசில் ஊதிய பிறகு திரும்பலாம் என்று இருப்பவர் வழி தவறினால் அவ்வளவுதான்.

எரிகிற கேஸ் சிலிண்டரை அணைக்க வேண்டாமா?

வால்வை மூட முடியும் என்றால் மட்டும் அணையுங்கள். மூட முடியாவிட்டால் எரியவிட்டு, சிலிண்டரின் மேற்பாதியையும் சுற்றியுள்ள பொருளையும் குளிரவையுங்கள். சுடரை அணைத்துவிட்டு வால்வு திறந்தே கிடந்தால், காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு ஊர்ந்து அடுத்த வீட்டு விளக்கைத் தேடிப் போகும். நனைத்த சாக்கைப் போர்த்தி அணைப்பதைச் செய்துகாட்டும்போது மக்கள் கைதட்டுகிறார்கள். அதன் பிறகு குமிழைத் திருகி மூடுவதுதான் முக்கியமான பாதி என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

மதுரை ரயில் நிலையப் பகுதியில் 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி அதிகாலை, உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்களின் பெட்டி நின்ற இடத்திலேயே எரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே தெரிவித்தது. ரயில் பெட்டிச் சன்னலில் கம்பி, கதவோ இரு முனைகளில்தான். கம்பி வெட்டும் கருவி வண்டியில் அடியில் கிடக்கக் கூடாது, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

வைக்கோல் படப்பில் எவ்வளவு அடித்தாலும் அணைய மாட்டேன் என்கிறதே?

அணையாது. வைக்கோலின் மேல் தண்ணீர் வழுக்கி ஓடிவிடும், உள்ளே தணல் அப்படியே இருக்கும். இரவு முழுவதும் அடித்துவிட்டு விடியற்காலையில் நிலையத்துக்குத் திரும்பிப் பல் துலக்குவதற்குள் அதே ஊரிலிருந்து மறுபடியும் அழைப்பு வரும். மேலூர்ப் பக்கம் ஒரே படப்புக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்றாவது முறை அந்த வீட்டு அம்மாள், "வாங்க, சாப்பிட்டுட்டே இருங்க, அது எரியட்டும்" என்று இலை போட்டுவிட்டார்.

பிரித்துப் போடுவது ஒன்றே வழி. ஜேசிபி கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கவைக்கம்பும் ஊர் இளைஞர்களும். காற்று வரும் பக்கமாக இழுத்துப் பரப்பி, பரப்பியதை நனையுங்கள். தொட்டியில் கொஞ்சம் பாத்திரம் துலக்கும் சோப்புநீர் கலந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். பஞ்சு பேலுக்கும் இதே முறைதான். வெளியே அணைந்தது போலத் தோன்றும், நடுவில் சுரங்கம்போலத் தீ ஓடிக்கொண்டிருக்கும்.

வைக்கோல் லாரி மின்கம்பியில் உரசிப் பற்றிக்கொண்டால், முடிந்தவரை வீடுகளை விட்டுத் திடலுக்கு ஓட்டிப்போகும் ஓட்டுநர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் பாராட்டுவதில்லை.

மலைத்தீக்குப் போனால்?

நாகமலையோ அழகர்மலையோ, வனத்துறையினர் சொல்வதைக் கேளுங்கள். அந்தத் தரை அவர்களுக்குத்தான் தெரியும். தீ சரிவில் மேல்நோக்கி ஓடும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பகலில் காற்றும் மேல்நோக்கியே வீசும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்கள் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நினைவில் வையுங்கள். தீக்கு மேலே நிற்காதீர்கள், மேல்நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகுங்கள். வழியே இல்லையென்றால் ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்துக்குள் போய்விடுங்கள். அங்கே எரிவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

கிணற்றில் மயங்கியவரைத் தூக்க உடனே இறங்கலாமா?

கூடாது. முதலில் விழுந்தவரை எடுக்க இறங்கிய அண்ணனும், அண்ணனை எடுக்க இறங்கிய மாமனும் அடுத்தடுத்துக் கிடப்பதுதான் இந்த வகை விபத்தின் வாடிக்கை. மூச்சுக்கருவியும் இடுப்புக் கயிறும் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். விளக்கை இறக்கிப் பார்ப்பது ஆக்சிஜன் குறைவை மட்டுமே காட்டும். நச்சுவாயு இருந்தாலும் விளக்கு எரியும்.

கதண்டு, பாம்பு, கிணற்றில் விழுந்த மாடு இதெல்லாமும் நம் வேலையா?

ஆமாம். தீயைவிட இவற்றுக்குத்தான் அதிகம் போவீர்கள்.

நிலையத்துக்குத் திரும்பியதும் முதல் வேலை என்ன?

தொட்டியை நிரப்புவது. பிறகு ஹோஸைக் கழுவி நிழலில் உலர்த்துவது. பிறகு ஹோஸ்களை இணைக்கும் ஒவ்வொரு கப்ளிங்கிலும் விரலை விட்டு வாஷர் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஓர் இரவு மாசி வீதியில் ஹோஸை இணைத்துத் தண்ணீர் விடச் சொன்னேன். மூன்றாவது இணைப்பில் வாஷர் இல்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அப்படி அந்த இணைப்பு தெரு முழுவதையும் நனைத்தது. நாசிலில் மட்டும் சொட்டு. முந்தின நாள் அந்த ஹோஸைச் சுருட்டி வைத்தவன் நான்தான்.

அன்று முதல் சட்டைப்பையில் இரண்டு வாஷர் வைத்திருப்பேன். ஓய்வு பெற்று இத்தனை நாளாகியும், துவைக்கப் போடும் சட்டையில் இன்னமும் வாஷர் கிடக்கிறதே என்று வீட்டில் திட்டு வாங்குகிறேன்.